பூட்டிய அத்தியாயம்

5, சனி

காலையிலிருந்தே புழுக்கம். கடற்காற்று இன்னும் இறங்கவில்லை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

இன்று: மாமிக்குச் சர்க்கரை மாத்திரை. இவர் கடைக்கு ஊதா நூல் இரண்டு கண்டு. அத். 14 பேச்சுகள்.

மாத்திரை வாங்கியாயிற்று. நூல் மறந்துபோனது. சீட் கவர் தைப்பவர் வீட்டில் நூலை மறப்பதா என்று இவர் ஒரு பார்வை. அவ்வளவுதான், அதற்கு மேல் கோபப்படத் தெரியாது.

மதியம் அத். 14. விஜி எழுதியது. நான்கு பேர் முறை வைத்து எழுதும் கதை, அதனால் கதாநாயகி மாலதி நான்கு விதமாகப் பேசுகிறாள். விஜியின் அத்தியாயத்தில் வில்லியனூர்க்காரி. லூர்துசாமி சார் அத்தியாயத்தில் வானொலிச் செய்தி. அவளை ஒரே வாய் உள்ளவளாக ஆக்குவது ஐந்தாவது ஆளான என் வேலை. கதை எழுத மாட்டேன், பேச்சை மட்டும் திருத்துவேன். வீட்டில் தெரியாது. டைப்பிங் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் மாலதியைப் புருஷன் அடிக்கிறான். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொல்வதாக விஜி எழுதியிருப்பது: "அவர் அடித்தது என் கன்னத்தை அல்ல, என் தன்மானத்தை." கமா, புள்ளி எல்லாம் சரி. இலக்கணம் சுத்தம். ஆள்தான் இல்லை.

எட்டு விதமாக மாற்றிப் பார்த்தேன். எல்லாம் நாடகம். கடைசியில் பதினைந்து நாளுக்கு முன் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது பரிதா சொன்னதை அப்படியே போட்டேன். "மச்சி" என்று வந்த இடத்தில் "அக்கா". வேறு எதையும் தொடவில்லை.

பரிதா இவருடைய தங்கை, அண்ணன் பெண்டாட்டி என்று என்னை 'மச்சி' என்பாள். கோட்டக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஒரு மாதமாக இங்கே இருக்கிறாள். முதுகுவலி, கோரிமேடு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம், அதாவது மாமியிடம், சொல்லியிருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னது இது:

"அடிச்சதுகூட போவட்டும் மச்சி. அடிச்சிட்டு, கையக் கழுவிக்கினு வந்து ஒக்காந்து, 'ஆறிடப் போவுது, சாப்புடு'ன்னாரு. நானும் சாப்புட்டேன். ரெண்டாந்தபா போட்டுக்கினு சாப்புட்டேன். அத்த நெனச்சாத்தான் பயமா இருக்குது."

போட்டதும் அத்தியாயம் முழுக்க உயிர் வந்துவிட்டது. சந்தோஷமாக எழுந்து டீ போட்டுக் குடித்தேன். வெட்கமில்லாமல்.

6, ஞாயிறு

கதைக் குழுவில் ரகளை. நான் எதிர்பார்க்காதது.

லூ. சார் குரல்பதிவு அனுப்பினார். பிரெஞ்சுப் பள்ளியில் முப்பது வருஷம் தமிழ் நடத்தியவர், எதையும் பிரெஞ்சில் 'அலோர்', அதாவது 'ஆக', போட்டுத்தான் ஆரம்பிப்பார். "அலோர் நசீமா, அடி வாங்கினவ சாப்பிடுவாளாம்மா? அதுவும் ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டு? படிக்கிறவங்க சிரிச்சிடுவாங்க."

விஜி: "என் டயலாக்தான் கெத்து. இவ என்னாக்கா, தட்டு நெறயப் போட்டுக்கினு துன்றா. எவ இப்புடிப் பேசுவா?"

மற்ற இருவர் விஜி பக்கம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிப்போனால்கூட வாய் திறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பவள். பேச்சைக் குறை சொன்னால் மட்டும் எங்கிருந்தோ வீம்பு வந்துவிடுகிறது. "மனுஷங்க இப்பிடித்தான் சார் பேசுவாங்க. அழுகையெல்லாம் அப்புறம்தான் வரும். எழுதுறவங்களுக்குத்தான் ஒடனே வரும்" என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். விஜி முதலில் இறங்கி வந்தாள். பிறகு மற்ற இருவர். சார் கடைசி.

ஐந்து பேரும் சம்மத டிக். சார் அத்தியாயத்தைப் பூட்டிவிட்டார். பூட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது. முன்பு ஒருவர் பூட்டுக்குப் பிறகு புகுந்து மாலதியின் மாமனாரைச் சாகடித்துவிட, அடுத்த அத்தியாயத்தில் அவர் உட்கார்ந்து காபி குடித்தார். அன்று வந்த சட்டம்.

ஜெயித்தேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை, ஏனென்று புரியவில்லை.

7, திங்கள்

எழுத்து கோணல்.

வைத்திக்குப்பத்து மீன்காரம்மா சங்கரா கொண்டுவந்தார். மாமி அரிவாள்மணையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். செல்போன் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதிலிருந்து விஜியின் குரல். "மாலதி கதவைத் திறந்தாள்..."

எங்கள் கதை. அத். 2.

நாங்கள் எழுதுவதை விஜி படித்துப் பதிவு செய்கிறாள், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் செயலியில் வரும். அதை எங்கோ யாரோ கேட்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

"இது ஏது மாமி?" என்றேன்.

"சம்பந்தியம்மா அனுப்பிச்சாங்க. அவங்க வூட்டுல எல்லாரும் ஒக்காந்து இதான் கேக்குறாங்களாம். மாப்புளகூட கேக்குறாராம், பாரேன். நல்லாத்தான் இருக்குது. வூட்டுல பேசுற மாரியே பேசுறாளுவோ."

சம்பந்தியம்மா என்றால் பரிதாவின் மாமியார். மாப்பிள்ளை என்றால் அவன்.

மஞ்சள்தூள் டப்பா கைநழுவிக் கீழே. தரையெல்லாம் மஞ்சள். துடைத்தேன். துடைத்துக்கொண்டே எண்ணினேன். இன்று 2. ஒரு நாளைக்கு மூன்று கேட்டால் வெள்ளிக்கிழமை சரியாக 14.

இனி இதில் அவள் பெயரை எழுத மாட்டேன். ப. போதும்.

8, செவ்வாய்

வெயில். தலைவலி. மாமி அத். 6க்கு வந்துவிட்டார்.

ப.வின் ஏற்பாடு இது. எழுதி வைத்தால்தான் எவ்வளவு கெட்டுப்போகும் என்று எனக்கே தெரியும். அவளுடைய லேப் டெக்னீஷியன் சர்டிபிகேட், பாஸ்போர்ட், ஆதார் மூன்றும் கோட்டக்குப்பத்தில், அவள் அலமாரியில். சாவி இவளிடம். அவன் வெள்ளி மாலை சரக்கு எடுக்க மெட்ராஸ் போய் ஞாயிறு திரும்புவான். சனிக்கிழமை இவள் தன் துணிமணி எடுக்கப் போவதுபோல் போய் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். திரும்பப் போகப் போவதில்லை.

"அது கைக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் மூச்சு வுடாதீங்க மச்சி. அண்ணன் சண்டைக்குப் போவும். அம்மா நாலு பெரியவங்களக் கூட்டி, சமாதானம் பேசி, திரும்பக் கொண்டுபோய் வுட்டுடும்."

மூச்சு விடவில்லை. எழுத்தில் போட்டு ஊருக்கே வாசித்துவிட்டேன்.

அவன் வெள்ளி நாலு மணிக்குக் கேட்பான். சோற்றுத் தட்டு முன்னால் அவன் சொன்ன சொல் அவன் காதிலேயே விழும். பிறகு அலமாரியில் என்ன இருக்கும்?

லூ. சாருக்கு போன் செய்தேன். ஒரே ஒரு வரி, மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"அலோர், அந்த வரிக்கு நேத்து முந்தாநாள் நீதானேம்மா சண்ட போட்ட?"

"தப்புதான் சார். விஜி எழுதுனதே இருக்கட்டும். தன்மானம் நல்லாத்தான் இருக்குது."

"ஒருத்தருக்குத் தொறந்தா அஞ்சு பேருக்கும் தொறக்கணும். அப்புறம் செத்தவன் காபி குடிப்பான். நீ சொன்னதுதான் சரி, நான் ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். வுடு."

நான் சொன்னதுதான் சரியாம். அல்லாவே.

9, புதன்

விஜி ஜவுளிக்கடையில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மாமியிடம் நூல் வாங்க என்று சொல்லிவிட்டு. (ஊதா நூல், இந்த முறை வாங்கிவிட்டேன்.)

கடைக்குப் பின்னால் சேலைக் கட்டுகள் அடுக்கிய அறை. அங்கே உட்கார்ந்துதான் பதிவு செய்கிறாளாம், வெளிச்சத்தம் வராது என்று. அத். 14 திங்கட்கிழமையே முடித்து சாருக்கு அனுப்பியாயிற்று. சார் ஏற்றியும் விட்டார். நேரம் வந்தால் தானாக வெளியே வரும்.

"அந்த ஒரு எடம் மட்டும் திரும்பப் படிச்சுக் குடேன் விஜி."

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். "படிக்கச்ச எனக்குத் தொண்ட அடச்சிக்கிச்சுக்கா. மூணு வாட்டி நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். ஒண்ணு கேக்கட்டா? இது நீங்க யோசிச்சு எழுதுனது இல்ல. யாரோ பேசுனது."

நான் சேலைக் கட்டைப் பார்த்தேன்.

"உங்க வூட்டுக்காரரா?"

இல்லை என்று சொல்ல எனக்கு மூன்று நொடி ஆனது. அந்த மூன்று நொடியில் இவருக்கு ஆயுள் தண்டனை விழுந்துவிட்டது. விஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தெரிந்த வாய் இன்னொன்று கூடும். சனிக்கிழமை வரை எந்த வாயும் வேண்டாம்.

கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுகிற மனிதர். மன்னித்துக்கொள்ளுங்கள்.

10, வியாழன்

மூன்று மணிக்கு நல்ல மழை. அரை மணி நேரம். துணியெல்லாம் நனைந்தது.

மழையோடு மழையாக விஜி வந்து நிற்கிறாள். ஒரு கிலோ ஆப்பிள். இவர் அன்று பார்த்து வீட்டில். உட்காரச் சொல்லி, விசிறியை அவள் பக்கம் திருப்பி, டீக்குப் பிஸ்கட் எடுத்து வைத்தார். அவள் பிஸ்கட்டைத் தொடாமல் அவரையே முறைத்தாள்.

"உங்களப் பாத்தா அப்பிடித் தெரியல சார்."

"எப்பிடிம்மா?"

"எப்பிடியோ" என்றாள். போகும்போது என் காதில், "எந்நேரம்னாலும் போன் பண்ணுக்கா."

இவர்: "யாரு அது? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா?" இல்லை என்றேன். அந்தப் பெண்ணின் வண்டி சீட் கிழிந்திருக்கிறதாம், தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல் என்றார். உள்ளே போய் அழுதேன்.

வெளியே வந்தால் மாமி. ஆப்பிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"அந்தப் பொண்ணு கொரல நான் நாலு நாளா கேட்டுக்கினு இருக்கறன். கதை படிக்கிறவ அவதானே?"

நனைந்த துணியை எடுத்துப் பிழிந்தேன்.

"அந்தக் கதையில ஒரு கெழவி வர்றாளே. 'ஒன் வாயில வசம்ப வச்சித் தேய்க்க'ன்றா. அது நான் திட்டுறது. அவ பேசுறது பூரா நான் பேசுறது. டைப்பிங் வேல, டைப்பிங் வேலன்னியே, இதானா?"

"பேச்சு மட்டும் மாமி. கதை வேறவங்க."

அடி விழும் என்று நினைத்தேன். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா நான் அவ்ளோ கத்த மாட்டேன்." பிறகு, "நாளைக்கி சாயங்காலம் அசரு தொழுதுட்டு மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து கேப்போம். எம் பொண்ணும் வரட்டும்."

ப.விடம் இன்றே சொல்லிவிட வேண்டும். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "என்னா மச்சி?" என்றாள். சனிக்கிழமைக்கு உடுத்த வேண்டிய துப்பட்டாவுக்குத்தான் இஸ்திரி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோழை.

காலையில் சொல்கிறேன். கண்டிப்பாக.

11, வெள்ளி

ப. ஏழு மணி பஸ்ஸுக்கே கோரிமேடு போய்விட்டாளாம். சொல்ல வேண்டியதைத் தொண்டையில் வைத்துக்கொண்டே நான்கு மணி வரை.

இவர் ஜும்மா தொழுகைக்குப் போய் அப்படியே கடைக்கு.

செய்தவை: வைஃபையை அணைத்தேன். மாமி செல்போன் சார்ஜரை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். மாமியின் போனில் எண்பது சதவீதம் இருந்தது. டேட்டாவும் இருந்தது.

மணி நாலு ஐந்து. விஜியின் குரல். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கதையில் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். மாலதி வாய் திறந்தாள். ரெண்டாந்தபா போட்டுக்கினு சாப்புட்டேன்.

மாமி நிறுத்தினார். "திரும்பப் போடு."

போட்டேன். விஜி தொண்டை அடைத்துக்கொண்டு படித்தது இரண்டாம் முறையும் அப்படியே கேட்டது.

மாமி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டார். "நேத்து அந்தப் பொண்ணு என் மவன மொறச்சாளே, அதுக்குத்தானா? ரபீக் ஒன்ன அடிக்கிறானா?"

இதை எழுதியாக வேண்டும். "ஆமா" என்றேன்.

நாளை சாயங்காலம் வரைதானே, ஒரு நாள்தானே, பிறகு காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சொல் வெளியே போனதும் மாமி முகம் போன போக்கு. நான் செத்தாலும் மறக்காது. போனை எடுத்து, "கடைய மூடிட்டு வாடா" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அண்ணன் இல்லம்மா."

வாசல்படியில் ப. கையில் ஆஸ்பத்திரிப் பை. இரண்டு முறையும் கேட்டிருக்கிறாள்.

"அது நான் பேசுனது. மச்சிகிட்ட."

மாமி போனைக் கீழே வைத்தார். பிறகு கேட்டது இதுதான்: "அன்னிக்கி என்னா கொழம்பு?"

"நீங்க அண்ணன்கிட்ட குடுத்து அனுப்புனதுதாம்மா. வஞ்சிரம்."

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். "உப்பு பத்தலன்னு திரும்பப் போட்டு கொதிக்க வச்சி அனுப்புனேன்" என்றார். அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

இவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார், வீட்டில் மவுத்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து. மாமி அவர் தலையைத் தடவி உட்காரச் சொன்னார். ப.வே எல்லாவற்றையும் சொன்னாள். இவர் எழுந்து செருப்பு மாட்டப் போனார். மாமி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "நீ ஒண்டியா போவாத. நான் சொல்றப்ப போவலாம்."

பெரியவர்களைக் கூட்டப் போகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ப. மற்றவர்களிடம் பேசினாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்த எழுதச்ச நல்லா இருக்குதுன்னு நெனச்சீங்களா மச்சி?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. அவள் போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

12, சனி

மணி எட்டு. வானம் மப்பு. மழை இல்லை.

யாரும் தூங்கவில்லை. விடிகாலை சுபுஹு தொழுகைக்கு விரித்த பாயை மாமி மடிக்கவே இல்லை.

லூ. சார்: அத். 14க்கு இதுவரை வராத அளவு பாராட்டாம். அத். 15ஐ எப்போது பார்த்துத் தருவாய் என்று கேட்டிருக்கிறார். விஜி: ஒரு அழுகைப் பொம்மை. பதில் போடவில்லை. போட மாட்டேன்.

ஏழே முக்காலுக்கு மாமி போனில் சம்பந்தியம்மாவின் செய்தி. மாமிக்குப் பொடி எழுத்து தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். நான்கு பேரும் நடுவீட்டில்.

"நேத்து கதை கேட்டோம். நல்லா இருந்துச்சு. அவன் மெட்ராஸ் போவல, வூட்லதான் இருக்கான். மருமவ எப்ப வருது?"

போகவில்லை என்றால் கேட்டிருக்கிறான். புரிந்திருக்கிறது. அலமாரியை உடைத்திருப்பானா? ப.வைப் பார்த்தேன். அலமாரிச் சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை முடிந்தாள்.

"எழுது" என்றார் மாமி. நான் போனை எடுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கே வர்றோம். நாலு பேரும் வர்றோம். எம் பொண்ணு சாமான எடுத்துக்கினு கெளம்பிடுவோம். சோறு கீறு ஒண்ணும் ஆக்க வேணாம், உங்க வூட்டுல தண்ணிகூட குடிக்க மாட்டோம்."

சொன்னபடி தட்டி அனுப்பினேன். உடனே நீல டிக். பார்த்துவிட்டார்கள்.

இவர் ஆட்டோ கூட்டிவரப் போயிருக்கிறார். ப. என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஆட்டோ வந்துவிட்டது.